மெழுகு மட்டும் மிச்சம்

பேத்தாலஜி பிரிவின் கவுன்ட்டர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை அங்கே வந்து நின்ற எல்லம்மாவுக்கு, தான் கேட்க வந்த பொருள் எப்படி இருக்கும் என்றே தெரியாது. வேறொரு ஆஸ்பத்திரியின் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"பிளாக்குன்னு சொன்னாங்க மேடம். என் வீட்டுக்காரரோடது. உத்தமன்னு பேரு. போன செப்டம்பர்ல இங்கதான் வாய் வழியா குழாய் விட்டு வயித்துலேருந்து சதை எடுத்தாங்க. அதை வாங்கினு வரச் சொன்னாங்க."

ஜன்னலுக்கு உள்ளே இருந்த சங்கமித்ரா கடிதத்தை வாங்கிப் படித்தாள். பதினாறு வருடமாக அந்தப் பிரிவில் டெக்னீஷியன். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக்குவது, அதைத் தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவிக் ஸ்லைடு எனும் கண்ணாடித் துண்டில் ஏற்றுவது, சாயம் போட்டு டாக்டர்களின் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த மெழுகுக் கட்டிதான் பிளாக். வேலை முடிந்ததும் தூக்கிப் போடமாட்டார்கள். பிற்பாடு நோயாளிக்கே தேவைப்படும் என்று வருடக்கணக்கில் பத்திரப்படுத்துவார்கள்.

கடிதத்தில் விஷயம் தெளிவாக இருந்தது. உத்தமனுக்கு இரைப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. ஆறு மாதம் கீமோ கொடுத்தும் கட்டிகள் மறுபடி வளர ஆரம்பித்துவிட்டன. ஹெர்-டூ என்ற புரதம் அவருடைய புற்றுநோய் செல்களின் மேல் அதிகமாக இருக்கிறதா என்று புதிய டாக்டர் பார்க்க விரும்பினார். இருந்தால் அதைக் குறிவைத்து வேலை செய்யும் ஓர் ஊசி மருந்து உண்டு. முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய சோதனை. கீமோ கொடுத்த இடத்தில் பார்க்காமல் விட்டிருந்தார்கள்.

சங்கமித்ரா உள்ளே போய் மூன்றாவது அலமாரியில் எண்ணைப் பார்த்துப் பிளாக்கைத் தேடி எடுத்தாள். பிளாக்கை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அரிசி நொய் அளவில் ஆறு துணுக்குகள் மெழுகுக்குள் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியவில்லை. வெறும் மெழுகு.

அந்த எண் அவளுக்கு மறக்கவில்லை.

திரும்பி வந்து, "சனிக்கிழமை வாங்க அக்கா. எடுத்து வெக்கறேன்" என்றாள்.

"இன்னிக்கே கெடைக்காதா? லீவு போட்டு வந்திருக்கேன்."

"ரெஜிஸ்டர்ல பார்க்கணும். சனிக்கிழமை கண்டிப்பா."

எல்லம்மா ஜீவனஹள்ளியில் குடியிருந்தாள். குக் டவுனில் ஓர் அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சரி என்று தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனாள்.

நடந்தது இதுதான். போன அக்டோபரில், அந்தப் பிரிவில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் கிஷோர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஈரோட்டுக்காரர், அமைதியானவர். இரைப்பைப் புற்றுநோய் உள்ள அறுபது பேரின் திசுக்களில் சில புரதங்களைச் சாயம் போட்டுப் பார்த்து, எந்தப் புரதம் கூடினால் அல்லது குறைந்தால் நோய் பரவுகிறது, யார் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கிடுவது அவருடைய வேலை. அவர் பட்டியலில் ஹெர்-டூ இல்லை. ஈ-கெதெரின் என்ற புரதம்தான் முக்கியம். செல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து வைப்பது அது. குறைந்தால் செல்கள் கழன்றுகொண்டு வேறு இடத்துக்குக் கிளம்பிவிடும்.

எத்திக்ஸ் கமிட்டி ஒரு நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்திருந்தது. நோயாளியின் தேவைக்குப் போக மிஞ்சியதை மட்டும் எடுக்கலாம், எந்த பிளாக்கையும் காலி செய்யக்கூடாது. அறுவை சிகிச்சையில் எடுத்த பெரிய துண்டுகளில் இது பிரச்சினையே இல்லை. உத்தமனுடையது குழாய் வழியாகக் கிள்ளி எடுத்த சின்னத் துணுக்குகள். முதல் தடவை சங்கமித்ரா பத்து சீவல் சீவிக் கொடுத்தாள். இரண்டு புரதங்களுக்குச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று கிஷோர் மறுபடி கேட்டார். பிளாக்கைத் திரும்ப மெஷினில் பொருத்தும்போது அதன் முகம் பழைய சாய்வில் உட்காராது. சமன் செய்ய நாலைந்து சீவல் வீணாகப் போகும். அதுவும் போயிற்று. கடைசிச் சீவல்கள் ஒட்டிய ரிப்பன் தண்ணீரில் மிதந்தபோது அதில் திசு ஏறக்குறைய இல்லை என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். ரெஜிஸ்டரில் 'திசு தீர்ந்தது' என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டாள். அன்றைக்கு இன்னும் இருபத்தெட்டு பிளாக் பாக்கி இருந்தன. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தவள் எழுதவேயில்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் கிஷோரைத் தேடிப் போனாள்.

"சார், போன வருஷம் ரெண்டாவது தடவை வெட்டினோமே, உத்தமன்னு ஒருத்தரோட பிளாக். அது காலி. அவருக்கு இப்ப ஹெர்-டூ வேணுமாம்."

"ஸ்பேர் ஸ்லைடு நாலு இருக்குங்க. சாயம் போடாதது. நான் எடுத்து வெச்சிருந்தேன்."

"எங்க?"

"என் டேபிள்ல. பாக்ஸ்ல."

ஃப்ரிட்ஜில் இல்லை, ஜன்னலோரம் வெயில் படும் மேஜையில். எட்டு மாதமாக.

"கொடுத்தா உங்க அறுபதுல ஒண்ணு குறையுமா சார்?"

"ஒரு புரோட்டீன் அவருக்கு இன்னும் பாக்கி. குறையும்தான்." பெட்டியைத் திறந்து நாலு கண்ணாடித் துண்டுகளையும் எடுத்து அவள் கையில் வைத்தார். "பரவாயில்லைங்க. எடுத்துட்டுப் போங்க."

துறைத் தலைவர் டாக்டர் பார்கவியிடம் சொல்லாமல் ஸ்லைடுகளை வெளியே அனுப்ப முடியாது. பார்கவி மைசூர்க்காரர், அந்தத் துறையில் அவருக்கு முப்பது வருடம். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஸ்லைட்ஸ் இருக்கு இல்லையா? கொடுத்துடு. கவரிங் லெட்டர்ல 'லிமிடெட் டிஷ்யூ'ன்னு போடு. அவ்ளோதான்."

"மேடம், எட்டு மாசம் வெளியில இருந்திருக்கு."

"அது அவங்க லேப் பார்த்துக்கும்."

சனிக்கிழமை எல்லம்மா வந்து ஸ்லைடுகளை வாங்கிப் போனாள். பிளாக் ஏன் இல்லை என்று அவளும் கேட்கவில்லை, சங்கமித்ராவும் சொல்லவில்லை. கண்ணாடியை உடையாமல் எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் எல்லம்மா கேட்டாள். சங்கமித்ரா பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து எல்லம்மா ஸ்லைடுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கையில் சோதனை செய்த ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட்டும் இருந்தது.

"நெகட்டிவாம் மேடம். அந்த மருந்து இவருக்குக் கெடையாதுன்னுட்டாங்க." குரலில் அழுகை இல்லை. களைப்புதான் இருந்தது. "இதுல கையெழுத்து போடணுமா?"

சங்கமித்ரா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். பூஜ்யம் என்று போட்டிருந்தது. சோதனை செய்தவர்களுக்கு ஸ்லைடு எவ்வளவு பழையது என்று தெரிய வழியில்லை. 'லிமிடெட் டிஷ்யூ' என்ற கடிதத்தில் அவள்தான் ஸ்லைடு வெட்டிய தேதியை எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவும் இல்லை.

ரசீதில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். பேனாவை நீட்டப் போனவள், கவுன்ட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். எல்லம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது."

"பொய்யா?"

"அவங்க பொய் சொல்லல. அந்தக் கண்ணாடில இருந்த சதை எட்டு மாசம் வெளியில கெடந்தது. கெடக்கக் கெடக்க அதுல சாயம் பிடிக்காது. அந்தப் புரோட்டீன் இருந்தாக்கூட இல்லேன்னுதான் காட்டும்."

"அப்ப புதுசு குடுக்க வேண்டியதுதானே?"

"இல்ல. தீர்ந்து போச்சு."

"எப்பிடி தீந்துச்சு?"

"ஆராய்ச்சிக்குன்னு வெட்டினோம். வெட்டினது நான்தான். நிறுத்தியிருக்கணும். நிறுத்தல."

எல்லம்மா அவளையே பார்த்தாள்.

"ஒரு பேப்பர்ல அவர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. நானும் பக்கத்துல இருந்தேன். மிஞ்சினதைத்தான் எடுப்போம்னு கன்னடத்துல படிச்சுக் காட்டினாங்க. மிஞ்சினதுன்னா இதுதானா?"

சங்கமித்ரா கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்தாள்.

"அவரு சதையை எடுத்து இன்னா கண்டுபுடிச்சீங்க?"

"இந்த நோய் யாருக்குப் பரவும், யாருக்கு சீக்கிரம் முத்தும்னு சொல்ற புரோட்டீன் எதுன்னு பார்க்கறாங்க."

"அதுல இவருக்கு எவ்ளோ நாள்னு வந்துச்சு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "ஒரு ஆளுக்குன்னு அது சொல்லாதுக்கா. அறுபது பேரை ஒண்ணா வெச்சுப் பார்த்தா, அந்தப் புரோட்டீன் கம்மியா இருக்கறவங்க சீக்கிரம் போயிடறாங்களான்னு தெரியும். உங்க வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்துல எங்க நிப்பாருன்னு அதுக்குத் தெரியாது."

"இவருக்குக் கம்மியா?"

அந்தப் புரோட்டீனுக்குச் சாயம் போட்ட ஸ்லைடைச் சங்கமித்ரா பார்த்திருந்தாள். பழுப்பு நிறம் வர வேண்டிய இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"நான் டாக்டர் இல்ல. ஆனா பார்த்தேன். கம்மிதான்."

எல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினாள். ஏழை என்றால் கேட்க நாதி இல்லை என்று நினைத்தாயா, உன் வீட்டு ஆளாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று கேட்டாள். 'மேடம்' போய் 'நீ' வந்திருந்தது. செக்யூரிட்டி ஓடி வந்தார். சங்கமித்ரா அவரைப் போகச் சொன்னாள்.

மூச்சு வாங்கி ஓய்ந்தபின் எல்லம்மா கேட்டாள். "இப்ப இன்னா செய்யணும்?"

"மறுபடி குழாய் விட்டு எடுக்கணும். புதுசா."

"அவரு ஒத்துக்க மாட்டாரு. போன தடவை பட்ட பாட்டுக்கு, செத்தாலும் அந்தக் குழாயை முழுங்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. நீயே வந்து சொல்லு. கெடுத்தது நீதானே?"

"வரேன்" என்றாள் சங்கமித்ரா.

அன்று மாலையே பார்கவியின் அறைக்குப் போனாள். பிளாக் காலியானது, ஸ்லைடின் வயது, மறு பயாப்ஸி தேவை என்பதையெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதமாக எழுத வேண்டும் என்று கேட்டாள்.

"நான் கையெழுத்து போட்டா டிபார்ட்மென்ட் தப்பு பண்ணிச்சுன்னு அர்த்தம். தெரியுமா?" என்றார் பார்கவி.

"பண்ணினோம் மேடம்."

"உனக்கு மெமோ வரும்."

"வரட்டும்."

பார்கவி அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை சங்கமித்ரா வந்தபோது கடிதம் அவள் மேஜையில் இருந்தது. தேதிகளோடு, ஒன்றையும் மறைக்காமல் பார்கவியே டைப் செய்திருந்தார். எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு நகல். கிஷோரும் தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ரா, தன் வீடு இருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்து ஜீவனஹள்ளிக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடு. உத்தமன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்துமூன்று வயது. இருபது வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டியவர். தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது. மற்றதெல்லாம் வற்றியிருந்தது.

"வாங்க. என்னோடதை எல்லாம் நீங்கதான் தீர்த்தீங்களாமே" என்றார்.

"ஆமாண்ணா."

"உக்காருங்க." நாற்காலியைக் காட்டினார். "இவ ஒண்ணு சொல்றா, டாக்டர் ஒண்ணு சொல்றாரு. நீங்க சொல்லுங்க. மறுபடி குழாய் விட்டா அந்தப் புரோட்டீன் இருக்கும்னு கேரண்ட்டியா?"

"இல்லண்ணா. இந்த நோய் வந்தவங்கள்ல நூறு பேரை எடுத்தா பத்துலேருந்து இருபது பேருக்குத்தான் இருக்கும்."

"இல்லேன்னா?"

"அந்த மருந்து கிடையாது. குழாய் விட்டது சும்மா."

"இருந்தா நோய் போயிடுமா?"

"போகாது. கொஞ்ச காலம் அடங்கியிருக்கும். சில பேருக்கு மாசக்கணக்கு. சில பேருக்கு அதுக்கும் மேல."

எல்லம்மா குறுக்கே, "இப்பிடியா சொல்லுவே?" என்றாள். உத்தமன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரில எல்லாரும் பார்க்கலாம் பார்க்கலாம்னுதான் சொல்றாங்க. என்னத்தைப் பார்க்கறதுன்னு ஒருத்தனும் சொல்றதில்ல." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "போன தடவை தொண்டைல மருந்து அடிச்சு அப்பிடியே விட்டாங்க. உயிர் போய் உயிர் வந்துச்சு. தூங்க வெச்சு எடுக்க மாட்டாங்களா?"

"எடுப்பாங்க. கேட்டா மயக்கம் குடுப்பாங்க. அதையும் கடிதத்துல சேர்த்து எழுதச் சொல்றேன். அப்புறம் ஆறு பீஸ் போதாது, எட்டு எடுக்கச் சொல்லுங்க. வேற வேற இடத்துலேருந்து. இந்தப் புரோட்டீன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது."

"எட்டு" என்றார் உத்தமன். "சரி. இந்தத் தடவை நீங்க வெட்டாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் புதன்கிழமை போனார். தூங்க வைத்தே எடுத்தார்கள்.

எட்டு நாள் கழித்து, அந்த ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி டாக்டர் பார்கவிக்குப் போன் செய்தார். பார்கவி சங்கமித்ராவை அறைக்குக் கூப்பிட்டார்.

"எட்டுல ஏழு நெகட்டிவ். ஒண்ணுமே இல்ல. எட்டாவதுல ஓர் ஓரத்துல சின்னக் கூட்டம், நல்லா டார்க்கா. கிள்ளி எடுத்த பீஸ்ல அஞ்சு செல் சேர்ந்து அப்படி இருந்தாலே பாசிட்டிவ்னுதான் கணக்கு. இதுல இருபதுக்கு மேல இருக்காம்."

"மருந்து குடுப்பாங்களா மேடம்?"

"குடுப்பாங்க." பார்கவி மைக்ரோஸ்கோப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். "பழைய ஆறு பீஸ்ல இருந்துச்சோ இல்லையோ, இனிமே யாருக்கும் தெரியாது."

மெமோ வந்தது. சங்கமித்ராவின் ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது. ஆராய்ச்சி வேலைகளிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். சின்ன பயாப்ஸி பிளாக்குகளை ஆராய்ச்சிக்காக வெட்டுவதற்கு முன்னால் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்று புது விதி வந்தது. கிஷோர் ஐம்பத்தொன்பது பேரோடு தீசிஸைச் சமர்ப்பித்தார். ஈ-கெதெரின் குறைந்தவர்கள் சராசரியாகச் சீக்கிரம் இறந்தார்கள் என்பதுதான் முடிவு. விடுபட்ட ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதி, காரணத்தையும் அதில் சொல்லியிருந்தார்.

உத்தமனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, கூடவே கீமோ. முதல் ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. சாப்பாடு இறங்கியது. தீபாவளிக்குப் பிறகு ஐந்து மாதம், பகலில் மட்டும், டேங்கர்கூட ஓட்டினார். சந்தாபுராவில் மகள் தாரணி புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அவரே வண்டி எடுத்துக்கொண்டு போனார். எல்லம்மா இதையெல்லாம் எப்போதாவது போனில் சொல்வாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். நலம் விசாரிக்கமாட்டாள்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் நோய் திரும்ப வந்தது. மூளைக்குப் போயிருந்தது. அக்டோபர் மூன்றாம் வாரம் உத்தமன் இறந்தார். இரண்டாவது தடவை குழாய் விட்டதிலிருந்து பதினைந்து மாதம்.

காரியத்தன்று சங்கமித்ரா ஜீவனஹள்ளிக்குப் போனாள். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. உறவினர்கள் நிறைய இருந்தார்கள். அவளை யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வந்த எல்லம்மா அவளைப் பார்த்து நின்றாள்.

"யாரு இவங்க?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்க" என்றாள் எல்லம்மா. "இவங்ககூடத்தான் ஒரு நாள் பெரிய சண்டை போட்டேன்."

அந்தப் பெண் சங்கமித்ராவை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்று சங்கமித்ராவிடம் சொல்லிவிட்டு, எல்லம்மா வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.